சேக்காளியும் சோதனைச் சாவடியும்

"குழந்தைங்க மனசுல பேதமே கிடையாது, பெரியவங்கதான் கெடுக்கிறோம்." படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதல் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து இப்படிச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி எழுந்து, "அப்புறம் ஏன் அவங்க பேசிக்கல?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குள் டீ வந்துவிட்டது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படம் 'ப்ராமிஸஸ்'. வாக்குறுதிகள் என்று சொல்லலாம். ஜஸ்டின் ஷாபிரோ, பி.இஸட். கோல்ட்பர்க், கார்லோஸ் பொலாடோ மூவரும் சேர்ந்து எடுத்த ஆவணப்படம். 2001இல் வந்தது, ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல்வரை போனது. 1993 ஓஸ்லோ ஒப்பந்தத்துக்கும் 2000இல் வெடித்த இரண்டாவது இன்டிஃபாதாவுக்கும் இடைப்பட்ட, 'சமாதானம் வந்துவிடும்' என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்துப் படம். ஜெருசலேமிலும் அதைச் சுற்றியும் வாழும் ஏழு பிள்ளைகள், யூதப் பிள்ளைகளும் பாலஸ்தீனப் பிள்ளைகளும். ஒருவர் வீட்டுக்கும் இன்னொருவர் வீட்டுக்கும் காரில் போனால் இருபது நிமிஷம். ஆனால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. (அந்தப் பிள்ளைகள் எல்லாம் இன்றைக்கு வளர்ந்து அவரவர் பிழைப்பைப் பார்க்கிறவர்கள். பெயர் சொல்லி இங்கே இழுக்க எனக்கு மனசில்லை.)

பெத்லகேமுக்குப் பக்கத்தில் தெஹைஷா அகதி முகாம். 1948இல் ஊரை இழந்தவர்களுக்காக 1949இல் போட்டது. கூடாரம் போய்க் கட்டடம் ஆனதே தவிர முகாம் முகாமாகவே இருக்கிறது. அங்கே ஒரு பையன், நல்ல ஓட்டக்காரன். ஒரு பெண் பிள்ளை, தப்கே நடனம் ஆடுகிறவள். அவளுடைய அப்பா விசாரணையே இல்லாமல் இஸ்ரேலியச் சிறையில். மேற்கு ஜெருசலேமிலோ இரட்டைப் பிள்ளைகள், மதப்பிடிப்பு இல்லாத நடுத்தரக் குடும்பம், கைப்பந்து ஆடுகிறவர்கள். இவர்கள் சந்திக்கலாமா கூடாதா என்று முகாம் பிள்ளைகள் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். படத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இடம் இதுதான். ஒரு பக்கம் கோபம்: எதுக்கு அவங்களப் பாக்கணும்? அந்த நடனக்காரச் சிறுமி மட்டும் வேறு மாதிரி யோசிக்கிறாள். நம்ம நிலைமையை நம்ம வாயால் அவங்களுக்கு யாராச்சும் சொல்லியிருக்கோமா என்பது அவள் கேள்வி. கவனியுங்கள், அவள் அன்பைப் பேசவில்லை. சேக்காளி வேண்டும் என்று ஏங்கவும் இல்லை. தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஓர் இடம் கேட்கிறாள். முன்வரிசைக்காரர் சொன்ன 'பேதமற்ற குழந்தை மனசு' இது இல்லை. பேதத்தை நன்றாக அறிந்த மனசு. அறிந்ததால்தான் பேசப் போகிறது.

இரட்டையர்கள் முகாமுக்கு வருகிறார்கள். சாப்பிடுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், கட்டிப் புரள்கிறார்கள். பகல் முழுக்க நல்ல கொண்டாட்டம். பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசுகிறபோது அந்த ஓட்டக்காரப் பையன் அழுதுவிடுகிறான். படம் எடுக்கிறவர் கொஞ்ச நாளில் போய்விடுவார், அவர் போனால் இந்தச் சினேகிதமும் போய்விடும் என்கிறான். அதைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் கண் கலங்குகிறது.

அரங்கத்திலும் அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிள்ளையின் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள் போல. அவன் சொன்னதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டால் அது பச்சையான அரசியல் ஆய்வு. இந்த நட்புக்கு ஒரு கார் வேண்டும். அந்தக் காரை ஓட்ட இரண்டு பாஷையும் தெரிந்த, சோதனைச் சாவடியைத் தாண்டக்கூடிய அடையாள அட்டை வைத்திருக்கிற ஒரு பெரிய மனுஷர் வேண்டும். அவர் போனால் கார் போச்சு, கார் போனால் நட்பு போச்சு. பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, படம் பார்த்து அழுத பட்டதாரிகளுக்குத் தெரியவில்லை.

இதே பையன் படத்தில் ஒரு தரம் இருபது நிமிஷத்தைத் தாண்டிப் போகத்தான் செய்கிறான். பாட்டியோடு, திருட்டுத்தனமாக. ராஸ் அபு அம்மார் என்ற அவர்களுடைய ஊருக்கு. 1948இல் அழிந்த ஊர். பாட்டி கையில் வீட்டுச் சாவி இருக்கிறது, வீடு இல்லை. கல்லும் புல்லும்தான். ஆக, அவனுக்கு அந்தப் பக்கம் போக அனுமதிச் சீட்டு வேண்டும், இல்லாவிட்டால் ஒளிந்து போக வேண்டும். இரட்டையர்கள் வரும்போது பகலில் வருகிறார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார்கள். 2000 அக்டோபருக்குப் பிறகு அவர்களுக்கும் வழி அடைந்தது. பாலஸ்தீன நிர்வாகத்தில் உள்ள அந்தப் பகுதிக்குள் தன் குடிமக்களே போகக் கூடாதென்று இஸ்ரேல் ராணுவம் ஆணை போட்டது. 2002இலிருந்து சுவரும் எழும்பத் தொடங்கிவிட்டது. படத்தின் முடிவில் சில வருஷம் கழித்துப் பிள்ளைகளைத் திரும்பச் சந்திக்கிறார்கள். தொலைபேசிப் பேச்சு தேய்ந்து நின்றிருக்கிறது. அந்த மாணவி கேட்டது இதைத்தான்.

இந்தப் பின்கதையை வெட்டாமல் வைத்ததற்காக இயக்குநர்களை மதிக்கிறேன். வெட்டியிருந்தால் படம் இன்னும் இனிப்பாக விற்றிருக்கும். ஆனால் அவர்களுக்கே அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் வரிசையாகப் படுத்திருக்கும் பச்சைக் குழந்தைகளைக் காட்டுகிறார்கள். யூதக் குழந்தை எது, அரபுக் குழந்தை எது என்று தெரியவில்லையாம். தெரியாதுதான். பிறந்த குழந்தைக்கு அட்டை கொடுக்கும்போது அரசாங்கத்துக்கு மட்டும் நன்றாகத் தெரிந்துவிடுகிறது. தொட்டில் சமத்துவத்தைக் காட்டிப் பெரியவர்கள் தப்பித்துக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. இதைவிட, பழைய நகரத்துத் தெருவில் ஓர் ஆசார யூதச் சிறுவனும் வழியில் வந்து நின்ற ஒரு பாலஸ்தீனச் சிறுவனும் யார் பெரிசாக ஏப்பம் விடுவது என்று போட்டி போடுகிறார்களே, அந்தக் காட்சி ஆயிரம் மடங்கு மேல். அதில் யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. சும்மா ஏப்பம் விடுகிறார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்கலாம். எனக்கும் ஒரு சேக்காளி இருந்தான். ஊர்த்தெருப் பையன், ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ஒருநாள் எங்க தெருவுக்கு வந்து எங்கம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டான். பிறகு வருஷக்கணக்கில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தான். "இவன் வீட்ல நான் சாப்பிட்டிருக்கேன்டா." கேட்டவர்களுக்கு அவன் மேல் மரியாதை கூடியது. நான் அவன் வீட்டில் சாப்பிட்ட கதை என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மாட்டுத் தொழுவம் வரைக்கும் போயிருக்கிறேன். அவன் கெட்டவன் இல்லை, எனக்காக ஒருதரம் அவங்க மாமாவிடம் அடியும் வாங்கினான். சாதியையும் ராணுவ ஆக்கிரமிப்பையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. அது வேற, இது வேற. ஆனால் ஒரு நட்புக் கதையைக் கேட்டவுடன் 'இதை யார் சொல்றா, யார் வீட்டுக்கு யார் போனா' என்று கேட்கும் புத்தி எனக்கு அந்தக் குழம்பிலிருந்து வந்தது. அந்தப் புத்தியோடுதான் மற்ற பிரதிகளையும் வாசித்தேன்.

தானியேலா கர்மி என்ற யூத எழுத்தாளர் 1994இல் ஹீப்ருவில் எழுதிய சிறுவர் நாவல் 'சமீரும் யோனதனும்'. ஆங்கிலத்தில் வந்து 2001இல் அமெரிக்காவில் பாட்செல்டர் விருது பெற்றது. சமீர் மேற்குக் கரைப் பையன். முழங்கால் அடிபட்டு, அறுவை சிகிச்சைக்காக யூத ஆஸ்பத்திரியில் தனியாக வந்து படுத்திருக்கிறான். அவன் தம்பி சிப்பாயின் துப்பாக்கிக்குப் பலியானவன். அதே வார்டில் இன்னொரு பிள்ளையின் அண்ணன் சிப்பாய். கர்மிக்குக் கண் இருக்கிறது. ஊரடங்கால் வீட்டிலிருந்து யாரும் பார்க்க வர முடியாத பிள்ளையின் தனிமை, தன்னைச் சுற்றி ஓடும் பாஷையில் வாய் திறக்கப் பயந்து கிடப்பது, எல்லாம் சரியாக விழுந்திருக்கிறது. சமீரின் குரலிலேயே கதை போவதால் யூதப் பிள்ளைகளை அவன் கவனிக்கிறான். வழக்கமாக இது தலைகீழாக இருக்கும்.

ஆனால் நட்பு எங்கே முழுசாகப் பூக்கிறது? யோனதன் ராத்திரியில் சமீரைக் கம்ப்யூட்டர் விளையாட்டு வழியாகச் செவ்வாய் கிரகத்துக்குக் கூட்டிப்போகிறான். அங்கே புதுசாக ஓர் உலகத்தை இருவரும் செய்கிறார்கள். அழகான கற்பனை, மறுக்கவில்லை. வாசிக்கிற பிள்ளைக்குப் பிடிக்கும், எனக்கும் பிடித்தது. இருந்தாலும் ஓர் அரபுப் பையனும் யூதப் பையனும் சமமாக நிற்க எழுத்தாளருக்குப் பூமியில் ஓர் இடம் அகப்படவில்லை என்பது அதில் ஒளிந்திருக்கிற வாக்குமூலம். சமீர் முழங்கால் ஆறி எங்கே திரும்பிப் போவான் என்று நமக்குத் தெரியும்.

பூமியிலேயே நடக்கிற கதை ஒன்று இருக்கிறது. சையத் கஷுவா எழுதியது. இஸ்ரேலுக்குள், தீரா என்ற அரபு ஊரில் 1975இல் பிறந்தவர். இஸ்ரேல் குடிமக்களில் ஐந்தில் ஒரு பங்கு இவர்மாதிரி அரபுகள். 1966வரை அவர்கள் ராணுவ ஆட்சியின் கீழ் இருந்தார்கள். ஓட்டு உண்டு, பள்ளிக்கூடம் தனித்தனி. ஹீப்ருப் பள்ளி ஒன்று, அரபுப் பள்ளி ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் பள்ளி முடியும்வரை மற்ற சமூகத்துப் பிள்ளையோடு ஒரு பெஞ்சில் உட்காருவதே இல்லை. கஷுவா கெட்டிக்காரப் பையனாக இருந்ததால் ஜெருசலேமில் யூதப் பிள்ளைகள் படிக்கும் உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்த அனுபவத்திலிருந்து 2002இல் 'நடனமாடும் அரபுகள்' நாவல், ஹீப்ருவில். இதிலிருந்தும் 2010இல் வந்த 'முன்னிலை ஒருமை' நாவலிலிருந்தும் எடுத்துப் பின்னி அவரே எழுதிய திரைக்கதையை 2014இல் எரன் ரிக்லிஸ் படமாக்கினார்.

படத்தில் பையன் பெயர் இயாத். அரபியில் 'ப'வுக்கு வல்லின உச்சரிப்பு கிடையாது, மெல்ல 'b' மாதிரிதான் வரும். இயாத் வாயைத் திறந்தால் சக மாணவர்கள் சிரிப்பார்கள். அவன் உட்கார்ந்து நாக்கைப் பழக்குகிறான். நாக்கைத் திருத்திக்கொண்ட கதை நம்மில் பலருக்குத் தெரியும், விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் இலக்கிய வகுப்பில் எழுந்து, ஹீப்ரு நாவல்களில் அரபு ஆண் எப்படி யூதப் பெண்ணின் பயமாகவும் காமக் கனவாகவும் மட்டுமே வருகிறான் என்று போட்டு உடைக்கிறான். ஆசிரியர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பாஷை கற்றுக்கொண்டதற்கான பாராட்டு அது. சொன்ன விஷயத்தை யாரும் தலையில் ஏற்றிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

பள்ளியின் சேவைத் திட்டத்தில், தசைகள் மெல்ல மெல்லச் செத்துவரும் நோய்கொண்ட யோனதன் என்ற பையனுக்குத் துணையாக இயாதை அனுப்புகிறார்கள். இரண்டு பேரும் நக்கல்காரர்கள். ஒருத்தன் அரபு, ஒருத்தன் சக்கர நாற்காலி. இருவரையும் உலகம் பரிதாபமாகப் பார்க்கிறது, அந்தப் பரிதாபத்தை இருவரும் கிண்டலடிக்கிறார்கள். உண்மையான சேக்காளித்தனம் இதில் இருக்கிறது. பிறகு கதை நகரும் திசைதான் முக்கியம். இயாதுக்கு உணவுவிடுதியில் வேலை. அரபுகள் உள்ளே பாத்திரம் கழுவுவார்கள், யூதர்கள் வெளியே பரிமாறுவார்கள். சட்டத்தில் அப்படி எழுதவில்லை, நடப்பது அப்படி. இயாத் யோனதனின் அடையாள அட்டையைக் காட்டிப் பரிமாறும் வேலைக்குப் போகிறான். முகம் கிட்டத்தட்ட ஒன்றுபோல, யாரும் கேட்கவில்லை. கடைசியில் யோனதன் செத்ததும் அவன் அம்மாவின் சம்மதத்தோடு யோனதனை இயாத் என்ற பெயரில், இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்கிறார்கள். உயிரோடு இருக்கிறவன் யோனதனாகிப் போகிறான்.

எனக்கு இந்த இடத்தில் ஞாயிறு பள்ளி ஞாபகம் வந்தது. இரண்டு கதையிலும் யூதச் சேக்காளிக்குப் பெயர் யோனதன். நம்ம ஊர் வேதாகமத்தில் யோனத்தான். சவுல் ராஜாவின் மகன். ஆட்டுக்காரப் பையன் தாவீதின் மேல் வைத்த சினேகத்தில் தன் சால்வையைக் கழற்றி அவனுக்குப் போர்த்தி, வில்லையும் கச்சையையும் கொடுத்தவன். நட்புக்கு இலக்கணம் என்று மனப்பாடம் பண்ண வைத்தார்கள். அரண்மனைப் பிள்ளைதான் கழற்றிக் கொடுக்க முடியும், ஆட்டுக்காரனிடம் கழற்ற என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. கஷுவா அந்தச் சால்வையைத்தான் இயாதுக்குப் போர்த்துகிறார். போர்த்தியதும் உள்ளே இருந்தவனைப் புதைக்க வேண்டியதாகிவிடுகிறது. யோனதன் நல்லவன், அவன் அம்மா நல்லவள், கொடுத்தது அன்பால்தான். விலை மட்டும் இயாத் தலையில் விழுகிறது: சொந்தப் பேர், அப்பா அம்மா, ஊர். கஷுவா இதைத் துக்கமாகவும் சொல்லவில்லை, வெற்றியாகவும் சொல்லவில்லை. அதனால்தான் மூன்றிலும் இதை மேலாக வைக்கிறேன். அவர் 2014இல், போர் நடந்துகொண்டிருந்த ஜூலையில், குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'யூதர்–அரபு' என்று இரண்டு கட்சியாகப் பேசுவதே பாதி ஏமாற்று. 1950–51இல் மட்டும் ஈராக்கிலிருந்து சுமார் 1,20,000 யூதர்கள் இஸ்ரேலுக்கு வந்தார்கள். அரபி பேசியவர்கள், பாக்தாத் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகளோடு படித்தவர்களும் அவர்களில் உண்டு. 1941இல் பாக்தாதில் யூதர்களை வெட்டிய ஃபர்ஹூத் கலவரமும் அதே ஊரில்தான் நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. சாமி மைக்கேல், ஷிமோன் பாலாஸ் போன்றவர்கள் அங்கிருந்து வந்து, அரபியை விட்டு ஹீப்ருவுக்கு மாறி எழுத வேண்டியிருந்தது. நாங்கள் அரபு யூதர்கள், ஐரோப்பிய யூதர் கையில் நாங்களும் தோற்றவர்கள் என்று எல்லா ஷோஹத் 1988இல் கட்டுரை எழுதினார். இப்படி வந்தவர்களின் பிள்ளைகள்தான், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் முக்கியமாக, 1971இல் ஜெருசலேமில் கறுப்புச் சிறுத்தைகள் என்று இயக்கம் கட்டினார்கள். அடுத்த வருஷம் பம்பாயில் தலித் சிறுத்தைகள். இரண்டும் அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து பேரை எடுத்தவை. பிள்ளைகளைக் கைகோத்து நிற்கவைத்துப் படம் எடுக்கிற நட்புக் கதைகளில் இந்த அரபு யூதப் பிள்ளைக்கு இடமே இருப்பதில்லை. வந்தால் சட்டகம் உடைந்துபோகும்.

கதையை விட்டுவிட்டு, நிஜமாகவே சேர்ந்து படிக்கும் பள்ளிகளைப் பார்ப்போம் என்று தேடினேன். விரல் விட்டு எண்ணலாம். நெவே ஷாலோம் – வாஹத் அல் சலாம் என்று இரண்டு பாஷையிலும் பெயர் வைத்த கிராமத்தில் 1984இல் ஒன்று தொடங்கினார்கள். 1998இல் 'கைகோத்து' என்று பொருள்படும் அமைப்பு ஜெருசலேமிலும் கலிலேயாவிலும் தொடங்கியது. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர், ஒருத்தர் அரபி, ஒருத்தர் ஹீப்ரு. இஸ்ரேலின் சுதந்திர தினமும் பாலஸ்தீனர்களின் நக்பாவும் ஒரே கூரைக்குள் பேசப்படும். லேசான காரியம் இல்லை. ஆனால் வருஷக்கணக்கில் இந்தப் பள்ளிகளை ஆராய்ந்த ஸ்வி பெக்கர்மன் போன்றவர்கள் எழுதுவதைப் படித்தால், அங்கேயும் ஹீப்ருதான் ஜெயிக்கிறது. அரபுப் பிள்ளை இரண்டு பாஷையும் பேசும். யூதப் பிள்ளை பெரும்பாலும் ஹீப்ருவிலேயே ஒப்பேற்றிவிடும். வெளியே வேலை, பல்கலைக்கழகம், அரசாங்கம் எல்லாம் ஹீப்ருவாக இருக்கும்போது வகுப்புச் சுவர் என்ன செய்யும்? 2018இல் தேசிய அரசுச் சட்டம் கொண்டுவந்து அரபியை ஆட்சிமொழி நிலையிலிருந்து இறக்கியும் விட்டார்கள். ஜெருசலேம் பள்ளியை 2014 நவம்பரில் கொளுத்தினார்கள். எரிந்தது ஒன்றாம் வகுப்பு அறை. லெஹாவா என்ற தீவிர வலதுசாரி அமைப்பைச் சேர்ந்தவர்கள் செய்தது, தண்டனையும் பெற்றார்கள். பள்ளி மறுபடி நடந்தது.

அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தில் 1993இலிருந்து 'அமைதி விதைகள்' என்று ஒரு கோடை முகாம். இரண்டு பக்கப் பிள்ளைகளையும் ஏரிக்கரையில் சேர்த்து வைப்பார்கள். அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவன், யூதச் சேக்காளிகள் நிறையப் பேர் கொண்டவன், அராபா என்ற ஊர்க்காரன், இஸ்ரேலியக் குடிமகன். 2000 அக்டோபர் 2ஆம் தேதி ஊரில் நடந்த போராட்டத்தின்போது போலீஸ் அவனைச் சுட்டுக் கொன்றது. வயசு 17. உடம்பில் முகாமில் கொடுத்த பச்சைச் சட்டை. அந்த நாட்களில் செத்தவர்கள் பதின்மூன்று பேர். ஓர் கமிஷன் விசாரித்து 2003இல் போலீஸைக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. ஒரு போலீஸ்காரர் மீதும் குற்றப்பத்திரிகை போடவில்லை.

2023 அக்டோபர் 7க்குப் பிறகு இதையெல்லாம் எழுத உட்காருவதே கூசுகிறது. அன்றைக்கு ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் செத்தவர்கள் சுமார் 1,200 பேர், அதிலும் பிள்ளைகள் உண்டு. காசாவில் அதற்குப் பிறகு கொல்லப்பட்டவர்கள் பல்லாயிரம், அதில் பிள்ளைகள் மட்டுமே ஆயிரக்கணக்கில். பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாயின, பிறகு அவையும் குண்டுக்கு இரையாயின.

இருந்தும் ஒரு படத்தைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. 2024இல் வந்து 2025இல் ஆஸ்கர் வாங்கிய 'நோ அதர் லேண்ட்'. பிள்ளைகள் கதை இல்லை, இளைஞர்கள் கதை. மேற்குக் கரையில் மஸாஃபர் யத்தா கிராமங்களை ராணுவம் இடிக்க, அதைப் படம் பிடிக்கும் பாஸல் அத்ரா, அவரோடு சேர்ந்து வேலை செய்யும் இஸ்ரேலியப் பத்திரிகையாளர் யுவால் ஆப்ரகாம். அந்த ஊர்க்காரர்கள் பகலில் பெண்களும் ராத்திரியில் ஆண்களுமாகத் தங்கள் பள்ளிக்கூடத்தைக் கட்டிய கதை அதில் வருகிறது. இங்கே பாஷை கற்றுக்கொண்டவர் யுவால். அரபியில்தான் பாஸலோடு பேசுகிறார். நான் தேடிக்கொண்டிருந்த தலைகீழ் மாற்றம் இது. ஆனாலும் யுவாலின் காரில் மஞ்சள் நம்பர் தகடு, எங்கும் போகும். பாஸலின் தகடு வேறு நிறம், எல்லைக்குள் மட்டும். ஒருநாள் யுவால், எழுதியதை யாரும் படிக்கவில்லையே என்று சலித்துக்கொள்கிறார். பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடணும் என்று பார்க்கிறாய் என்று பாஸல் கிண்டலாகச் சொல்கிறார். அதற்கு யுவாலிடம் பதில் இல்லை. பேசி முடித்து யுவால் வீட்டுக்குப் புறப்படுகிறார். பாஸல் அங்கேயே இருக்கிறார், ராத்திரி புல்டோசர் வந்தால் பிடிக்கக் கேமராவை மின்னேற்றி வைத்துக்கொண்டு.